அந்த டவுசருக்கு நூல் கொடுத்தவள் நான்

கண்ணு,

உன் பனியன் கம்பெனியின் புது யூனிட் திறப்பு அழைப்பிதழ், நான் தனியாக இருக்கிற இந்தப் பழைய ஊட்டுக்கு நேற்று உன் டிரைவர் கையில் வந்து சேர்ந்தது. குத்துவிளக்கு ஏற்றுவது என்ற இடத்தில் என் பெயரைத் தங்க எழுத்தில் அடித்திருக்கிறாய். பக்கத்து ஊட்டுக்காரர்கள் வாங்கிப் பார்த்துவிட்டு, மகன் என்றால் இப்படி இருக்க வேணும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் வரப்போவதில்லை. ஏன் என்று போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் இன்னொரு லைனில் சரக்கு வாங்குகிற பையர் இருக்கிறார் என்று நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. கவரை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன். கொண்டு வருகிற டிரைவர் படித்தாலும் சரி, உன் பெண்டாட்டி படித்தாலும் சரி, ஆபீசில் யார் எடுத்துப் படித்தாலும் சரி. இது எல்லாரும் படிக்க வேண்டிய கடிதம்தான்.

போன மாசம் உன் மாமனார் ஊட்டு விருந்தில் நீ ஒரு கதை சொன்னாய். இலை போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். சந்தில் நின்றபடியே, கொடியில் காய்கிற துணியின் கலரைப் பார்த்து, அது உன் கம்பெனி நூல் என்று கண்டுபிடித்து, ஒரு திருடியைக் கையும் களவுமாகப் பிடித்த கதை. நீ அதைச் சொல்வது எனக்குப் புதிதில்லை. தைத்த பீஸில் குறை பார்க்கிற செக்கிங்குக்குப் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே அதைச் சொல்லித்தான் உள்ளே விடுகிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு உன் மகள் ஒரு கேள்வி கேட்டாள். அப்புறம் அந்தம்மா என்ன ஆனாங்கப்பா என்று. நீ மோரை ஊற்றிக்கொண்டே, யாருக்குத் தெரியும் கண்ணு, இதுகளெல்லாம் இன்னொரு கம்பெனிக்குப் போயிருக்கும் என்று சொன்னாய். அந்தக் கதையில் ஒரு பாதிதான் உனக்குத் தெரியும். மீதிப் பாதியை ஆறு வருசமாக நான் வைத்திருக்கிறேன்.

எனக்குக் கர்ப்பப்பை எடுத்த வருசம் உனக்கு நினைவிருக்கும். நீ முதல் செல்போன் வாங்கினதும் அந்த வருசம்தான். ஆஸ்பத்திரியில் நீ நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய், அதில் குறை சொல்ல மாட்டேன். ஊட்டுக்கு வந்த பிறகு பட்ட பாடு உனக்குத் தெரியாது, அதை ஒரு தாய் மகனிடம் சொல்ல முடியாது. உடம்பு பெருத்துவிட்டது. சித்திரை வெயிலில் நடந்தால் ரெண்டு தொடையும் உரசிப் புண்ணாகிவிடும். மாவு போட்டேன், எண்ணெய் போட்டேன், ஆறவில்லை. வெள்ளைக்காரிகளுக்கு லட்சம் லட்சமாக ஷார்ட்ஸ் தைத்து அனுப்புகிறவனுடைய அம்மா நான். யாரும் இல்லாதபோது பேக்கிங் ரூமில் இருந்து ஒன்றை எடுத்து வந்து சேலைக்குள் போட்டுப் பார்த்தேன். இடுப்பு எலாஸ்டிக் சரியாக ஆபரேஷன் தையல் மேலேயே உட்கார்ந்து அறுத்தது. தொடை இடுக்கில் ஓவர்லாக் தையல் ரம்பம் மாதிரி. அரை நாள்கூடத் தாங்கவில்லை. மடித்துத் திரும்ப வைத்துவிட்டேன்.

அப்போதுதான் எஸ்தர் எனக்குப் பழக்கமானாள். செக்கிங் டேபிளில் மூன்றாவதாக நிற்பாளே, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, புருசன் இல்லாதவள், கம்பெனிக்குப் பின்னால் நாம் வரிசையாகக் கட்டி விட்டிருக்கிற லைன் ஊட்டில் மகளோடு ஒற்றை ரூமில் குடியிருந்தாளே, அவள்தான். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கதை பேசும்போது அவள் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து, நுனியில் கொக்கி வைத்த ஊசியால் தலையணை உறைக்கு லேஸ் பின்னிக்கொண்டிருப்பாள். அவள் ஊரில் கிறிஸ்தவக் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் பொம்பளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்களாம். ஒரே ஊசி, ஒரே நூல், கண்ணிக்குள் கண்ணி இழுத்துக்கொண்டே போவது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தப் பின்னலில் தையலே இல்லை என்பதுதான் எனக்குக் கண்ணில் பட்டது. வளையமாகச் சுற்றிக்கொண்டே போனால் எங்கேயும் வெட்ட வேண்டாம், எங்கேயும் சேர்க்க வேண்டாம். எலாஸ்டிக்கும் வேண்டாம், பாவாடை மாதிரி நாடா கோத்துக்கொள்ளலாம்.

கேட்கத்தான் வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, அவளை ஊட்டுக்கு அழைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். ஒருத்தரிடமும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவளுக்கு அது என்ன வலி என்று தெரியும். எனக்கும் ஒண்ணு வேணும்க்கா, ரெண்டு பேருமாப் போடுவோம் என்றாள். கோடு போட்ட துணிக்காகச் சாயம் ஏற்றின நூலில் மிச்சமாகிற கோன்களை நீ நம் ஊட்டுப் பின் ஷெட்டில் அடுக்கி வைப்பாயே, அதில் அந்த பிஸ்தா பச்சையில் நாலு கோன் கிடந்தது. நான்தான் எடுத்தேன். என் மகன் ஷெட்டில் இருந்து நான் எடுத்தேன். ரெண்டு கோன் எனக்கு, ரெண்டு கோன் அவளுக்கு. கம்பெனி நூல் தனியாகப் பின்னினால் முடி மாதிரி இருக்கும், ஆறு இழையைச் சேர்த்து ஒன்றாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள்.

முதலில் நான் பின்னினது தனியாக, அவளைக் கேட்காமல். பீஸில் ஓட்டை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தே சொன்னவள் நான், நாலு மெஷினோடு உங்கப்பா ஆரம்பித்த காலத்தில் துணியைத் தொட்டே எடை சொன்னவள், எனக்கு ஒரு டவுசரா தெரியாது என்று நினைத்தேன். இடுப்பைச் சுற்றிச் சங்கிலி போட்டு, வளையமாக இறக்கி, ரெண்டாகப் பிரித்துக் கால் ரெண்டும் பின்னி முடித்தேன். போட்டுக்கொண்டு நிற்க முடிந்தது, உட்கார முடியவில்லை. எஸ்தர் வந்து அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“என்னக்கா இது, ரெண்டு அரிசிப் பையச் சேத்துத் தச்ச மாதிரில்லா இருக்கு. மனுசி நின்னுக்கிட்டேவா இருப்பா?”

அப்படியே உருவிப் போட்டாள். உருவினால் நூல் நூலாக வந்துவிடுகிறது, அதுதான் அந்தப் பின்னலில் ஒரு நல்ல விஷயம், துணியை வெட்டினால் போனது போனதுதான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். என்னை மரஸ்டூலில் உட்கார வைத்து, இடுப்பில் இருந்து ஸ்டூல் பலகை வரைக்கும் அளந்தாள். அந்த அளவுக்கு ரெண்டு விரற்கடை கூட்டித்தான் காலைப் பிரிக்க வேண்டுமாம். பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயரமாக இருக்க வேண்டும், அதற்கு முதுகுப் பக்கம் மட்டும் பாதி வரிசையாகப் போய்த் திரும்பித் திரும்பி நாலு வரிசை கூடுதலாகப் பின்னினோம். இடுப்பு அகலுகிற இடத்தில் பத்துக் கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டினோம். கால் பிரிகிற இடத்தில் நேராகச் சேர்க்காமல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரத்தைக் கோணலாக வைத்தாள். அந்த ஒரு துண்டுதான், கண்ணு, நின்றுகொண்டே இருப்பதற்கும் உட்கார்ந்து எழுவதற்கும் உள்ள வித்தியாசம். உன் பேட்டர்ன் மாஸ்டர் அதை விட்டுவிடுகிறார், துணி வீணாகிறது என்று. நெருக்கமாகப் பின்னினால் உள்ளே தெரியாது. துவைத்தால் மட்டும் கொடியில் தொங்கவிடக் கூடாது, ஈரத்தில் நூல் தன் எடைக்கே இழுத்துக்கொண்டு முழங்காலுக்கு வந்துவிடும். படுக்கப் போட்டுத்தான் காய வைக்க வேண்டும்.

இருபத்தி ரெண்டு நாளில் எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று முடிந்தது. அதைப் போட்டுக்கொண்டு நான் நம் நெருப்பெரிச்சல் ஊர்ச் சந்தை வரைக்கும் நடந்து போய் வந்தேன். புண் இல்லை, எரிச்சல் இல்லை. இத்தனை வருசம் துணியோடு பிழைத்தவள், என் உடம்புக்கென்று அளந்து செய்த ஒன்றை அப்போதுதான் முதன்முதலாகப் போட்டேன். அந்த நாட்களில் அவள் தினமும் ஊட்டுக்கு வந்தாள். முதலாளியம்மா என்று கூப்பிட்டவள் எப்போது அக்கா என்று மாறினாள் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் உன் பெண்டாட்டி இருக்கும்போதே, “அக்கா, டீ ஆறிப் போச்சு பாருங்க” என்றாள். உன் பெண்டாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது.

என் ஊட்டில் படுக்கப் போட்டுக் காய வைக்க மேல்ரூம் இருந்தது, மேலே ஒரு போர்வையும் விரித்து மறைத்துவிடுவேன். எஸ்தருக்கு ஒற்றை ரூம். அதில் அவளும் அவள் மகளும் படுக்கவே இடம் பத்தாது. அதனால் அவள் கொடியில்தான் போட்டாள், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி. சாக்கடைக் குழாய் எங்கே போகிறது என்று பார்க்க நீ லைன் ஊட்டுச் சந்துக்குள் போன அன்றைக்குத் துண்டு விலகியிருந்தது. நீ பச்சையைப் பார்த்தாய். அந்தப் பச்சை சரியாக வரவில்லை என்று பையர் நாலு தடவை சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்பி, கடைசியில் ஒப்புக்கொண்ட கலர். திருப்பூரிலேயே அது நம்மைத் தவிர எவனிடமும் கிடையாது என்று நீ சொல்வாய். உண்மைதான். நூலைப் பார்த்தால் யார் கம்பெனி, எந்த லாட் என்று சொல்லுகிற கண் உங்கப்பாவுக்கும் இருந்தது, உனக்கும் இருக்கிறது. அந்தக் கண்ணை நம்பித்தான் நீ வேறு யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷெட்டில் எத்தனை கோன் இருந்தது, யார் எடுத்தார்கள் என்று ஊட்டில்கூடக் கேட்கவில்லை. கலர் பொய் சொல்லாது என்று நினைத்துவிட்டாய்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மெஷினை நிறுத்தி, எல்லாரும் வரிசையாக நிற்க, நான் கற்பூரம் காட்டுவதுதானே நம் கம்பெனி வழக்கம். எஸ்தர் வேதக்காரி என்றாலும் ஓரமாக வந்து நிற்பாள். நான் தட்டோடு சாமி படத்துக்கு முன்னால் நின்றிருந்தேன். நீ அந்த ஈர டவுசரைக் கொண்டு வந்து செக்கிங் டேபிளில் போட்டாய். ஒரு பொம்பளையின் உள்ளுடுப்பு, கண்ணு. நாற்பது பொம்பளைகளுக்கும், கட்டிங் மாஸ்டருக்கும், சூப்பர்வைசருக்கும் முன்னால். இது யாருடையது என்று நீ கேட்டாய். என்னுதுங்க சார் என்று அவள் சொன்னாள். நூல் எங்கே இருந்து வந்தது என்று கேட்டாய்.

“குடுத்தாங்க சார்.”

“யாரும்மா குடுத்தா? பேரச் சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. தட்டில் எரிகிற கற்பூரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் நானும் என் சேலைக்குள் அதே பச்சையைத்தான் போட்டிருந்தேன். கண்ணு, நான்தான் குடுத்தேன் என்று நான் வாயைத் திறந்திருந்தால் போதும், மூன்று வார்த்தை. ஆனால் அந்த மூன்று வார்த்தைக்குப் பின்னால், எதுக்குங்கம்மா என்று நீ கேட்பாய். எதுக்கு என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும். முதலாளியின் அம்மா டவுசர் போட்டிருக்கிறாள் என்று கட்டிங் மாஸ்டர் வரைக்கும் எல்லாரும் சிரிப்பார்கள். எஸ்தர் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு எனக்குச் செய்து கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினாள். பேரைச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கே அவளை நிறுத்தினாய். லைன் ஊட்டையும் காலி செய்யச் சொன்னாய். ரெண்டு கோன் நூலுக்கு. அதுவும் நீ தூக்கிப் போட வைத்திருந்த நூலுக்கு.

அன்றைக்கு ராத்திரி சொல்லலாம் என்று நினைத்தேன். நீ சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாய். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன், அதற்குள் அவள் சாமான்களை ஏற்றிப் போய்விட்டாள். ஒரு வாரம் ஆனபோது, இனிமேல் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று பயம் வந்தது. பிறகு நீ அதைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தாய். ஒவ்வொரு தடவை நீ சொல்லும்போதும் நான் அதே ஊட்டில், அதே கூடத்தில் இருந்தேன். தெரியாமல் செய்த தப்பு உன்னுடையது. தெரிந்துகொண்டே செய்தது என்னுடையது. இதில் யாருடையது பெரிது என்று நான் உன்னிடம் பேரம் பேச வரவில்லை.

விருந்து முடிந்த நாலாம் நாள் நான் அவளைத் தேடிப் போனேன். அங்கே இங்கே விசாரித்து, மங்கலத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தது. விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, கூடத்தை ஒட்டியே ஒரு தகர ரூமில் இருக்கிறாள். திருடி என்ற பேர் வந்த பிறகு நெருப்பெரிச்சல் பக்கம் எந்த பனியன் கம்பெனியிலும் அவளைச் சேர்க்கவில்லையாம். உன் சூப்பர்வைசருக்கு எல்லாக் கம்பெனியிலும் ஆள் உண்டே. வாசலில் என்னைப் பார்த்ததும் வாங்க முதலாளியம்மா என்றாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மெதுவாகச் சொல்லிவிட்டு அழலாம் என்று நான் போனேன். தறி ஓடுகிற சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருசம் தறிக்குப் பக்கத்திலேயே நின்று காதும் மந்தமாகிவிட்டது. என்ன என்ன என்று கேட்டாள். கடைசியில் நான் கத்த வேண்டியதாயிற்று. நான்தான் நூல் குடுத்தேன், நான்தான் சொல்லாமல் நின்னேன் என்று மூன்று தடவை கத்தினேன். பக்கத்து ரூம்களில் இருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? எனக்குத் தெரியாததா? நீங்க அங்கனதான நின்னிய. அன்னைக்கு வேடிக்கை பாத்த நாப்பது பேரு இருந்தாங்கல்லா, அவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டாள். அவள் அதை என்னைக் குத்திக் காட்டத்தான் சொன்னாள். அந்த நாற்பது பேர் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள்? பனியன் கம்பெனி வேலைக்காரர்கள் ஓர் இடத்திலா இருப்பார்கள். கல்யாணமாகிப் போனவள், ஊருக்குத் திரும்பினவள், வேறு கம்பெனிக்கு மாறினவள். நடக்காத காரியம் என்று தெரிந்துதான் சொன்னாள். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது, வேறு எதைச் செய்தாலும் அது அவள் கேட்டதாக இருக்காது என்று எனக்குப் பட்டது.

இது வரைக்கும் பதினொரு பேரைப் பார்த்துவிட்டேன். கரண்ட் கட் ஆகிற நேரம் பார்த்து கம்பெனி வாசல்களில் போய் நிற்கிறேன், அப்போதுதான் எல்லாரும் வெளியே காற்றாட வருவார்கள். உன் அம்மா தெருத்தெருவாக அலைகிறாள் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருப்பார்கள், அதற்காகத்தான் அலைந்தேன். ஒருத்தி, எந்த எஸ்தருங்க, எத்தனையோ பேரு வந்தாங்க போனாங்க என்றாள். ஒருத்தி தன் மருமகளை மிரட்டவே அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம், என் முன்னாலேயே மருமகளைக் கூப்பிட்டு, அது அப்படி இல்லையாம் கண்ணு என்று சொன்னாள். அதற்காக மட்டும் அந்த ஊட்டில் ஒரு டம்ளர் காப்பி குடித்தேன். அயர்னிங்கில் இருந்தாளே சரசு, அவள் எனக்கு அப்பவே தெரியுமுங்க என்றாள். தெரிந்தும் ஏன் அம்மிணி சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்களே சொல்லலீங்களே. நாங்க எப்படீங்க சொல்றது?”

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால் இதைவிடக் குறைவாக வலித்திருக்கும்.

உனக்கு நான் புத்தி சொல்லுகிற இடத்தில் இல்லை. ஆனாலும் அம்மா என்பதால் ஒன்று சொல்கிறேன். இனிமேல் அந்தக் கதையை ஓர் இடத்திலும் சொல்லாதே. சொன்ன இடங்களுக்கு நீதான் போக வேண்டும், அது என் கணக்கில் வராது. உன் மகள் கேட்டாளே, அவளிடம் முதலில் போ. மங்கலத்துக்குப் போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். என்னைக் கூட வரச்சொல்லாதே. எஸ்தர் வாசலில் நாம் ரெண்டு பேரும் சேர்ந்து நின்றால் அவளுக்கு மறுபடியும் அந்த வெள்ளிக்கிழமை மாதிரிதான் இருக்கும்.

உன் திறப்பு விழாவும் வெள்ளிக்கிழமைதான். அன்றைக்குக் காலையில் நான் உடுமலைப்பேட்டை பஸ் ஏறுகிறேன். எஸ்தருக்குப் பக்கத்தில் நின்று செக்கிங் பார்த்த வள்ளியை அங்கே ஒரு தென்னந்தோப்புக்காரன் ஊட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம். அவள் பன்னிரண்டாவது ஆள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று ரெண்டு நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் ஆளிடம் போனபோது, நூலைக் கொடுத்தது நான் என்று மட்டும்தான் வாயில் வந்தது. நாலாவது ஆளிடம்தான், கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பதும் வந்தது. டவுசர் போட்டிருந்த வெட்கத்தில் நின்றேன் என்பதை ஏழாவது ஆளிடம் சொன்னேன், அவள் சிரித்தாள், அவ்வளவு ஒன்றும் கஷ்டமாக இல்லை. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது, அந்த வெட்கம் முழுக் காரணம் இல்லை. உன் பெண்டாட்டிக்கு முன்னால் எஸ்தர் என்னை அக்கா என்று கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. என் ஊட்டுக்குள் வந்து, என்னை ஸ்டூலில் உட்கார வைத்து அளந்து, நான் பின்னினதை உருவிப் போட்ட ஒரு கூலிக்காரி, அன்றைக்குச் செக்கிங் டேபிளுக்கு முன்னால் தலை குனிந்து நின்றபோது, எனக்குள் எங்கோ ஓர் ஓரத்தில், இப்போது தெரியும் அவளுக்குத் தன் இடம் எது என்று ஒரு நினைப்பு இருந்தது. ஒரு நிமிசம்தான் இருந்தது. அந்த நிமிசத்தில்தான் கற்பூரம் அணைந்தது, நீ அவளைப் போகச் சொன்னாய். இதை நான் எஸ்தரிடம்கூடச் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். உடுமலையில் வள்ளியிடம் வாயால் சொல்லிவிட வேண்டும்.

அம்மா